மாடி ஷெட் ஒன்பது இடத்தில் ஒழுகுகிறது: ஷீட்டையே மாற்ற வேண்டுமா?

கீழையூரான் | 19 அக்டோபர் 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டம், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் வீடு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது மாடியில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை மொத்தமும் போய்விட்டது. மறு வருடம் அதே இடத்தில் கலர் ஷீட் போட்டோம். 24க்கு 30 அடி. நடுவில் ரிட்ஜ் (முகடு), கிழக்கும் மேற்கும் பன்னிரண்டு பன்னிரண்டு அடி சரிவு. தெற்குப் பக்கம் ஹெட்ரூம் சுவரை ஒட்டி ஷீட் முடிகிறது. ஷீட் கனம் 0.45 மில்லிமீட்டர் என்று சொல்லிப் போட்டார்கள்.

நான்கு மழைக்காலம் ஒரு சொட்டு விழவில்லை. போன வருடம் இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் தார் மாதிரி ஒரு கறுப்புப் பசையை எல்லா ஸ்க்ரூ தலையிலும் பூசிவிட்டு, ரிட்ஜ் ஓரமாக ஒரு ஃபிளக்ஸ் பேனரை விரித்து மணல் மூட்டை வைத்துவிட்டுப் போனார். இந்த வருடம் முதல் மழையிலேயே ஒன்பது இடம். அம்மாவின் தையல் மெஷின் அங்கேதான் இருக்கிறது, நெல் மூட்டையும் அங்கேதான். வீட்டில் இருக்கிற வாளி, அண்டா, குண்டான் எல்லாம் மாடிக்கு ஏறிவிட்டன.

ஒருவர் வந்து பார்த்து, ஷீட் ஆயுள் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் போட ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும் என்கிறார். இன்னொருவர் மேலே முழுக்கக் கோட்டிங் அடித்தால் போதும் என்கிறார். ஐந்து வருடத்தில் ஒரு ஷீட் ஆயுள் முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷெட் மேஸ்திரி | 19 அக்டோபர் 2024, இரவு 10.25

தம்பி, முதலில் அந்த ஃபிளக்ஸை எடுங்கள். நாளைக் காலையே எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக ஷெட் வேலை செய்கிறேன். ஒழுகுகிறது என்று கூப்பிட்ட வீடுகளில் ஷீட்டே ஓட்டை விழுந்து ஒழுகியது ரொம்பக் குறைவு. ஸ்க்ரூ, ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சேர்மானம், சுவரைத் தொடும் இடம், ரிட்ஜ். இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ஐந்து வருடத்தில் ஷீட் போயிருக்காது. ஸ்க்ரூவில் இருக்கும் ரப்பர் வாஷர் போயிருக்கும். வெயிலில் அது கெட்டியாகி வெடித்துவிடும்.

சில விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடித்திருக்கிறார்களா, பள்ளத்திலா? தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அங்கே அடித்த ஸ்க்ரூவின் வாஷர் மழை பெய்யும் நேரமெல்லாம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அப்புறம், பக்கத்து ஷீட் ஏறும் விளிம்பு எந்தத் திசையைப் பார்த்துத் திறந்திருக்கிறது? சுவர் ஓரத்தில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள்? ரிட்ஜ் தரையிலிருந்து... மன்னிக்கவும், கீழ் விளிம்பிலிருந்து எவ்வளவு உயரம்?

இன்னொன்று. கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் உள்ளே புகுந்ததும் ஷீட்டின் அடியில் ஓடி, ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பான பர்லின் குழாயைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய்ச் சொட்டும்.

துருப்பிடித்தவன் | 19 அக்டோபர் 2024, இரவு 11.10

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அரிப்புத் தடுப்புதான் என் பிழைப்பு. தூத்துக்குடியில் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு.

மேஸ்திரி சொன்ன ஃபிளக்ஸ் விஷயத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். இரும்பைக் காப்பது அதன் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு. அந்தத் துத்தநாகத்தைக் காப்பது, நனைந்து காய்ந்து நனைந்து காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அதன்மேல் உருவாகும் மெல்லிய கார்பனேட் படலம். ஃபிளக்ஸைப் போட்டு மூடினால் அடியில் ஈரம் காயவே காயாது, காற்றும் புகாது. படலம் உருவாகாமல் துத்தநாகம் வெள்ளைப் பொடியாகக் கரைந்துகொண்டே இருக்கும். அது தீர்ந்ததும் சிவப்புத் துரு. கடையில் ஷீட் கட்டு மழையில் நனைந்து கிடந்தால் இடையில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதேதான். உங்கள் ஊரில் இதோடு உப்பும் சேரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் பேனருக்கு அடியில் ஷீட் நனைந்தே கிடக்கும்.

உப்புக் காற்றை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வகத்துக்காரர்கள் உலோக மாதிரிகளைச் சோதித்துப் பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் அந்தக் காற்றுக்காகத்தான். ஒன்று ஆறுதல்: அலை உடையும் இடத்திலிருந்து உள்ளே வர வர உப்பின் அளவு வேகமாகக் குறையும். ஒன்றரை கிலோமீட்டர் என்பது கடற்கரை வீட்டைவிட எவ்வளவோ மேல்.

மாடித்தோட்டம் | 20 அக்டோபர் 2024, காலை 6.15

கீழையூரான், தனியாக ஏறாதீர்கள். மழை ஈரத்தில் கலர் ஷீட் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். காய்ந்த பிறகு, ஆனால் வெயில் ஏறுவதற்குள் ஏறுங்கள். ஸ்க்ரூ வரிசை எங்கே ஓடுகிறதோ அதற்கு அடியில்தான் இரும்புக் குழாய் இருக்கிறது. அந்த வரிசை மேலேயே கால் வையுங்கள். இரண்டு வரிசைக்கு நடுவில் மிதித்தால் ஷீட் அமுங்கும், சேர்மானம் வாய் திறந்துகொள்ளும். ஒழுகலை அடைக்கப் போய் ஒழுகலை உண்டாக்கிவிட்டு இறங்குவோம்.

வெளிச்சத்துக்காக நடுவில் ஃபைபர் ஷீட் போட்டிருந்தால் அதன்மேல் கால் படவே கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் அதில் மிதித்து நேராகக் கீழே வந்துவிட்டார். வெயிலில் நாள்பட்ட ஃபைபர் அப்பளம். பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் எது ஃபைபர் என்று மேலிருந்து தெரியவும் தெரியாது. கீழே நின்று பார்த்து அடையாளம் செய்துகொண்டு ஏறுங்கள்.

கீழையூரான் | 20 அக்டோபர் 2024, பகல் 1.30

ஏறிப் பார்த்துவிட்டேன். மச்சானை ஏணியைப் பிடிக்கச் சொல்லி ஏழு மணிக்கு ஏறினேன். அம்மா கீழே நின்று திட்டிக்கொண்டே இருந்தார்.

ஃபிளக்ஸை உருட்டினேன். துருப்பிடித்தவன் நேரில் வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். அடியில் வெள்ளைப் பொடி, அங்கங்கே பெயிண்ட் கொப்புளம். மணல் மூட்டை இருந்த இரண்டு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகவே இருக்கிறது. ஓட்டை இல்லை, விரலால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. மற்ற இடத்தில் ஷீட் நன்றாகத்தான் இருக்கிறது, நிறம் கொஞ்சம் மங்கல்.

ஸ்க்ரூ மொத்தம் 340 சொச்சம். பெரும்பாலும் மேட்டில். ஆனால் கீழ் விளிம்பு வரிசை முழுக்கப் பள்ளத்தில் அடித்திருக்கிறார்கள். தார் பூசிய தலையைச் சுரண்டிப் பார்த்தால் வாஷர் ரப்பர் உப்பிக் கொழகொழவென்று வருகிறது. தார் படாத இடத்தில் ரப்பர் வெடித்திருக்கிறது. சில ஸ்க்ரூ கையால் திருகினாலே சுற்றுகிறது.

சேர்மான விளிம்பு வடக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. ஹெட்ரூம் சுவர் ஓரத்தில் சிமெண்ட் சாந்து அணைத்திருக்கிறார்கள், நீளத்துக்கும் விரிசல். ரிட்ஜ் கீழ் விளிம்பைவிட ஒன்றரை அடி உயரம்.

இன்னொரு சந்தேகம். ஷீட் மேல் பரவலாக மிளகு தூவின மாதிரி சின்னச் சின்னத் துருப் புள்ளிகள். இதுவும் உப்புதானா? அப்புறம் ஹெட்ரூம் மேலே இருக்கும் சோலார் ஹீட்டரின் காற்றுக் குழாய் சொட்டிச் சொட்டி, அது விழும் கோடு முழுக்கப் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

ஷெட் மேஸ்திரி | 20 அக்டோபர் 2024, மாலை 7.05

சரிவு பரவாயில்லை, பன்னிரண்டுக்கு ஒன்றரை தாராளம். பன்னிரண்டு அடிக்கு நீளவாக்கில் ஒட்டுப் போடாமல் ஒரே ஷீட்டாகத்தான் இருக்கும், அதுவும் நல்லது.

சேர்மானம்தான் தப்பு. நம் டெல்டாவுக்கு மழையே ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஷீட் போடும்போது தென் கோடியிலிருந்து ஆரம்பித்து வடக்கே வந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் மேலே ஏறும் விளிம்பு தெற்கே பார்க்கும், காற்று அதன் முதுகில்தான் அடிக்கும். உங்கள் ஷெட்டில் ஏணி வைக்க வசதியாக வடக்கிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். இனி பிரித்து மாற்ற வேண்டாம். விளிம்பை லேசாகத் தூக்கி உள்ளே பியூட்டைல் டேப் (பசையுள்ள ரப்பர் நாடா) ஓட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு இரண்டு ஷீட்டையும் தைத்துவிட்டால் நிற்கும்.

சுவர் ஓரச் சாந்தை முழுக்கக் கொத்தி எடுங்கள். தகரமும் சாந்தும் ஒன்றாக வாழாது. சுவரில் ஷீட்டுக்கு அரை அடி மேலே ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, மடித்த தகரப் பட்டையின் மேல் விளிம்பை அதில் சொருகி சீலன்ட் வைக்க வேண்டும். பட்டையின் கீழ் விளிம்பு ஷீட்டின் முதல் மேட்டைத் தாண்டி இறங்கி நிற்க வேண்டும். சுவரோடு பட்டை, பட்டைக்கு அடியில் ஷீட். ஷீட்டைச் சுவரோடு எதுவும் பிடித்திருக்கக் கூடாது.

அந்த மிளகுப் புள்ளி உப்பு இல்லை. ஷீட்டைக் கிரைண்டர் போட்டு அறுத்திருக்கிறார்கள், அந்த நெருப்புப் பொறிதான் தெறித்து ஒட்டித் துருவாகியிருக்கிறது. ஸ்க்ரூ அடிக்கும்போது விழும் இரும்புப் பிசிறும் அதே வேலையைச் செய்யும். அன்று சாயங்காலமே துடைப்பத்தால் கூட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. நான் பையன்களிடம் வேலை முடிந்தால் கூலி தரமாட்டேன், கூட்டினால்தான் கூலி என்று சொல்லிவிடுவேன். அறுக்கக் கத்தரியோ, தகரத்தைக் கடித்து வெட்டும் நிப்ளரோதான். கிரைண்டரில் அறுத்தால் ஓரம் வெந்து பூச்சும் பெயிண்டும் போய்விடும்.

வேப்பமரத்தடி | 20 அக்டோபர் 2024, இரவு 8.50

எல்லோரும் தாரைத் திட்டுகிறீர்கள். எங்கள் ஊரில் அரிசி ஆலைத் தகரத்துக்கு வருடா வருடம் சித்திரையில் தார் அடிப்பார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஓய்வு பெறும்வரை அதே தகரம் இருந்தது. இப்போது வருவதெல்லாம் ரப்பர், டேப் என்று சொல்லி விற்கும் வியாபாரம்.

ஒழுகலுக்கு முதல் காரணம் இலை. எங்கள் வீட்டில் மாசி பங்குனியில் வேப்பிலை கொட்டி கட்டர் (கூரை ஓரத் தண்ணீர்க் கால்வாய்) நிரம்பிவிடும். அடைத்த கட்டரில் தேங்கிய தண்ணீர் பின்னால் ஏறி ஷீட்டுக்கு அடியில் புகுந்து, சுவர் வழியாக அறைக்குள் வரும். ஷீட் ஒழுகுகிறது என்று மூன்று வருடம் ஏமாந்தேன். பிறகு கட்டரில் கையை விட்டால், அடியில் உரம் மாதிரி மக்கிய இலை, அதற்கு அடியில் கட்டரே அரித்துப் போயிருந்தது.

துருப்பிடித்தவன் | 20 அக்டோபர் 2024, இரவு 10.00

ஐயா, இலை பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவையும் மழை முடிந்த பிறகு ஒரு தடவையும் கட்டரைக் காலி செய்தாலே பாதிப் பிரச்சினை போகும். ரிட்ஜுக்கு அடியிலும் ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் ஒதுங்கும் சருகையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஈரச் சருகும் ஃபிளக்ஸ் செய்த வேலையையே செய்யும்.

தார் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. அந்தக் காலத் தகரம் கனம் அதிகம், பிடித்தது கொக்கி போல்ட்டும் தார் வாஷரும். தாருக்குத் தார் ஒத்துப்போனது. இப்போது ஸ்க்ரூவில் வருவது இபிடிஎம் ரப்பர். வெயிலுக்கும் மழைக்கும் அது நன்றாகத் தாக்குப் பிடிக்கும், பெட்ரோலிய எண்ணெய்க்கு மட்டும் தாங்காது. தார்ப் பசை பட்டால் உப்பி இளகிவிடும். கீழையூரான் சுரண்டியபோது கொழகொழவென்று வந்தது அதனால்தான். போன வருடம் இரண்டாக இருந்தது இந்த வருடம் ஒன்பதானதற்கு அந்த மருந்துக்கும் பங்கு உண்டு.

சோலார் ஹீட்டர் சொட்டுவதை உடனே ஒரு குழாய் மாட்டித் திருப்பிவிடுங்கள். தட்டை வகை ஹீட்டராக இருந்தால் உள்ளே செம்புக் குழாய். அதில் சுற்றி வரும் தண்ணீரில் இம்மியளவு செம்பு கலந்திருக்கும். அந்தத் தண்ணீர் துத்தநாகத்தின் மேலோ அலுமினியத்தின் மேலோ விழுந்தால் அந்தச் செம்பு அங்கே படிந்து, ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து சுற்றியுள்ள பூச்சைத் தின்னும். ஏசிக்குச் செம்புக் குழாய் இழுக்கிறவர்கள் அதை ஷீட் மேல் படுக்கப்போடுவார்கள், அதுவும் கூடாது.

பண்ணைவீடு | 21 அக்டோபர் 2024, காலை 5.50

இடையில் ஒரு கேள்வி. ஈரோடு பக்கம் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட வேண்டும். கடைக்காரர் கால்வலூம் போடுங்கள், ஜிஐயை (துத்தநாகம் மட்டும் பூசிய தகரத்தை) விட இரண்டு மடங்கு உழைக்கும் என்கிறார். எங்களுக்கு உப்புக் காற்று இல்லை.

துருப்பிடித்தவன் | 21 அக்டோபர் 2024, காலை 7.30

திறந்த வெளிக்குக் கால்வலூம் நல்ல பொருள்தான். எடையில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான் கலந்த பூச்சு. ஆனால் மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா அலுமினியத்துக்கு ஆகாது. அடைத்த கொட்டகைக்கு அதைப் போட வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே உத்தரவாதத்தில் விலக்கி வைப்பார்கள். நாலு பக்கமும் திறந்து காற்றோட்டமாக இருந்தால் அவ்வளவு பயமில்லை. என்னைக் கேட்டால் கனமான துத்தநாகப் பூச்சு, அதாவது சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் உள்ள ஜிஐ. கடையில் 120 கிராமைத்தான் காட்டுவார்கள், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

கலர் ஷீட்டிலும் இதே கதை. 0.50 மில்லிமீட்டர் என்று விற்பது பெயிண்டும் பூச்சும் சேர்த்த கனம். வெறும் இரும்பு அதைவிடக் குறைவு. கால்வலூம் பூச்சு 150 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான். 70 கிராம் என்றால் அதில் பாதிகூட இல்லை. கனத்தைக் கேட்கிற நாம் பூச்சு எத்தனை கிராம் என்று கேட்பதே இல்லை.

கீழையூரான் | 22 அக்டோபர் 2024, இரவு 8.15

சரி, ஷீட்டை மாற்றவில்லை என்று முடிவு செய்தாயிற்று. எல்லா ஸ்க்ரூவையும் மாற்றுகிறேன். கடையில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ இருக்கிறது, துருவே பிடிக்காது என்கிறார்கள். விலை அதிகம், இருந்தாலும் ஒரே தடவையாகப் போட்டுவிடலாமா?

ஷெட் மேஸ்திரி | 22 அக்டோபர் 2024, இரவு 8.40

கடலோர வீட்டுக்கு எஸ்எஸ்தான் போடுவேன். வேதாரண்யத்தில் போட்டது இன்னும் பளபளவென்று இருக்கிறது.

துருப்பிடித்தவன் | 22 அக்டோபர் 2024, இரவு 9.20

மேஸ்திரி, இந்த ஒன்றில் உங்களோடு சண்டை போடுவேன். ஸ்க்ரூ பளபளவென்றுதான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஷீட்டைப் பார்த்தீர்களா? இரண்டு வேறு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் மட்டமானது கரைந்து உயர்ந்ததைக் காப்பாற்றும். எஸ்எஸ்ஸுக்கு முன்னால் துத்தநாகமும் அலுமினியமும் மட்டம். அலுமினியம் துத்தநாகப் பூச்சு ஷீட்டுக்கு எஸ்எஸ் ஸ்க்ரூ வேண்டாம் என்று ஆஸ்திரேலிய ஷீட் தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே இருக்கிறது. அவர்களும் கடலைச் சுற்றி வாழ்கிறவர்கள்தான். அங்கே பரிந்துரைப்பது ஏஎஸ் 3566 தரத்தில் கிளாஸ் 4 என்று குறித்த, கனமான பூச்சு உள்ள சாதாரண எஃகு ஸ்க்ரூ.

ஷெட் மேஸ்திரி | 22 அக்டோபர் 2024, இரவு 10.05

அவர்கள் ஊர்க் கையேடு சரி, அந்தக் கிளாஸ் 4 ஸ்க்ரூ நாகப்பட்டினத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? இங்கே கிடைப்பதில் மட்டமான ஜிங்க் ஸ்க்ரூ இரண்டு மழைக்காலத்தில் தலை உதிர்ந்து விழுகிறது. ஸ்க்ரூவே போனால் காற்றில் ஷீட்டே போகும். கஜாவைப் பார்த்தவனுக்கு எது முக்கியம்? ஷீட்டைச் சுற்றி லேசாக அரிப்பதை நான் தாங்கிக்கொள்வேன்.

சரி, வேதாரண்யம் வீட்டுக்கு அடுத்த தடவை போகும்போது ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி அடியில் பார்க்கிறேன்.

மாடித்தோட்டம் | 23 அக்டோபர் 2024, காலை 9.10

இரண்டு பேரும் சண்டை போடுவதற்குள் மழை வந்துவிடும். புதுச்சேரியில் எனக்குக் கிடைத்தது, தலையில் நைலான் தொப்பியும் அடியில் அகலமான ரப்பர் வாஷரும் உள்ள பூச்சு ஸ்க்ரூ. சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். மூன்று வருடம் ஆகிறது, குறை இல்லை.

சீலன்ட் வாங்கும்போது ஒன்று பாருங்கள். கண்ணாடிக்குப் போடும் சிலிக்கானைப் பிதுக்கினால் வினிகர் வாடை அடிக்கும். அது காயும்போது வெளிவிடும் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். நான் முதல் வருடம் தெரியாமல் வினிகர் சிலிக்கானை ரிட்ஜ் நீளத்துக்கும் ஓட்டினேன். மறு வருடம் அதை உரித்தால் அடியில் கோடு போட்ட மாதிரித் துரு.

ஷெட் மேஸ்திரி | 23 அக்டோபர் 2024, பகல் 2.00

அந்த நைலான் தலை ஸ்க்ரூ கிடைத்தால் அதையே போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாற்றும் முறை மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, இடத்தைத் துடைத்து, ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழைய ஸ்க்ரூ 5.5 மில்லிமீட்டராக இருக்கும். அதே அளவு புதிதைப் பழைய ஓட்டையில் போட்டால் பிடிக்காது, 6.3 வாங்குங்கள். மெஷினை வைத்துக் கடகடவென்று இறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே தள்ளும், ஷீட் குழியும், குழியில் தண்ணீர் நிற்கும். ரப்பர், அதன் மேலுள்ள உலோகத் தட்டின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும்போது விட்டுவிட வேண்டும். ஸ்க்ரூ கோணலாக இறங்கினால் ஒரு பக்கம் ரப்பர் அழுந்தும், மறு பக்கம் வாய் பிளந்திருக்கும். பாதி ஒழுகல் இந்தக் கோணல் ஸ்க்ரூவால்தான்.

பள்ளத்தில் இருக்கும் கீழ் விளிம்பு வரிசையைக் கழற்றிவிட்டு, அதே பர்லினில் மேட்டில் போடுங்கள். மேட்டில் போட நீளமான ஸ்க்ரூ வேண்டும். பழைய பள்ளத்து ஓட்டைக்கு அடைப்பாகப் பெரிய வாஷரோடு ஒரு குட்டி ஸ்க்ரூவும் அடியில் பியூட்டைல் துண்டும்.

ஹட்டன் மலை | 23 அக்டோபர் 2024, இரவு 9.45

இலங்கையின் மலைநாட்டிலிருந்து எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீடுகள் எல்லாம் தகரக் கூரைதான். காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்க மேலே கல்லும் பழைய டயரும் வைப்பார்கள். கல் இருக்கும் இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும். மணல் மூட்டை பற்றி நீங்கள் பேசியதைப் படித்ததும் எங்கள் பழைய வீடு ஞாபகம் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்களுக்கு மழையே இல்லாத விடியற்காலையிலும் தகரம் சொட்டும். அது ஒழுகல் இல்லை, வியர்வை. இரவில் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அடுப்பு ஆவியும் மூச்சும் அடியில் பட்டு நீராகும். அதற்கு மேலே எவ்வளவு பூசினாலும் நிற்காது. முகட்டுப் பக்கம் காற்றுப் போக வழி விட்டோம், அடியில் தடுப்பு அட்டை அடித்தோம், அதன் பிறகு நின்றது.

கீழையூரான் | 8 டிசம்பர் 2024, மாலை 6.30

ஒன்றரை மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மேஸ்திரி தொலைவில் இருப்பதால் உள்ளூரில் ஒருவரை வைத்து, இந்த இழையைப் படித்துக் காட்டியே வேலை வாங்கினேன். நைலான் தலை ஸ்க்ரூ 400 வரவழைத்தோம். நவம்பர் முதல் வாரத்தில் மழை விட்ட மூன்று நாளில் ஸ்க்ரூ வேலை முடிந்தது. சேர்மானத்துக்கு பியூட்டைல் டேப் ஒட்டக் காய்ந்த ஷீட் வேண்டும் என்பதால் வடக்கு ஓரத்து நான்கு சேர்மானத்தை மட்டும் அப்போது செய்தோம். சுவர் ஓரச் சாந்தைக் கொத்தி எடுத்தால், அதைத் தொட்டுக்கொண்டிருந்த ஷீட் ஓரம் பூரா வெளுத்துப் பொரிந்திருந்தது. காடி வெட்டிப் பட்டை சொருகினோம். வேலைக்காரர் அதன் மேலும் கொஞ்சம் சாந்து அணைக்கலாமே என்று கேட்டார். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன்.

அப்புறம் ஹோஸ் பைப்பை வைத்துச் சோதித்தோம். கீழ் விளிம்பில் ஆரம்பித்து ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம், மேலே நான், கீழே டார்ச்சோடு மச்சான். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் ஓடி, எது ஓட்டை என்றே தெரியாது. அப்படிப் பார்த்ததில் ஒன்பதில் ஆறு, ஸ்க்ரூ மாற்றியதிலேயே நின்றிருந்தது. ஒன்று சுவர் ஓரம், அதுவும் நின்றது. ஒன்று ரிட்ஜ் தகரத்தின் நுனி, அதைப் பிடித்து அடைத்தோம்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கு முன்னால் எங்கள் பக்கம் கொட்டிய மழை உங்களுக்கே தெரியும். இரண்டு நாள் விடாத மழை. எட்டு இடமும் காய்ந்தே இருந்தது. ஒன்பதாவது, தையல் மெஷினுக்கு இடது பக்கம், அன்று ஒன்றிரண்டு சொட்டு விழுந்தது. எங்கிருந்து என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

துருப் பிடித்த இடத்துக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை. கடையில் ரெட் ஆக்ஸைடு அடித்து எனாமல் அடிக்கச் சொல்கிறார்கள்.

துருப்பிடித்தவன் | 8 டிசம்பர் 2024, இரவு 9.00

ஆக்ஸைடும் எனாமலும் வெறும் இரும்புக் கேட்டுக்கு. துத்தநாகத்தின் மேல் எண்ணெய் எனாமலை நேராக அடித்தால் இரண்டும் வினைபுரிந்து இடையில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, ஒரு வருடத்தில் தோல் தோலாக உரியும். வீட்டுக்கு வீடு தகரத்தில் பெயிண்ட் உரிந்து தொங்குவதைப் பார்க்கிறோமே, காரணம் இதுதான்.

பொங்கல் கழியட்டும், வெயில் வரட்டும். துருவைக் கம்பிப் பிரஷ்ஷும் எமரித் தாளும் கொண்டு பளிச்சென்று தேய்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய விடுங்கள். ஜிங்க் பாஸ்பேட் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் அதே நிறத்தில் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். துருவைத் தாண்டி இரண்டு விரல்கடை அகலம் மட்டும். ஷீட் முழுக்க அடிக்க வேண்டாம், தொழிற்சாலையில் வேகவைத்த பெயிண்ட்டைவிட நாம் அடிப்பது நல்லதாக இருக்காது. கழுவறை கழுவும் ஆசிட்டைக் கொண்டு துருவை எடுக்க யாராவது யோசனை சொன்னால் அவரை மாடிக்கே விடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஷீட்டைக் கழுவுங்கள். மழை படும் இடத்தை மழையே கழுவிவிடும். மழை படாத இடம்தான் முக்கியம்: விளிம்பின் அடிப்பக்கம், கட்டரின் உள்பக்கம், சுவர்ப் பட்டைக்கு அடியில். அங்கேதான் உப்பு படிந்து கிடக்கும்.

கீழையூரான் | 8 டிசம்பர் 2024, இரவு 9.25

எங்கள் போர் தண்ணீரே உப்புதான். அதில் கழுவலாமா?

துருப்பிடித்தவன் | 8 டிசம்பர் 2024, இரவு 9.30

அதற்குக் கழுவாமலே இருக்கலாம். கொள்ளிடத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக் கழுவுங்கள், நாலு குடம் போதும். மெல்லிய துணியும் கொஞ்சம் சோப்புத் தூளும்.

கீழையூரான் | 27 ஜனவரி 2025, காலை 7.50

ஒன்பதாவது பிடிபட்டுவிட்டது. மழையே இல்லை, சில நாளாக ஒரு தூறல் இல்லை, இன்று காலை ஆறு மணிக்கு மெஷின் பக்கத்தில் தரை நனைந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அம்மா நவம்பரில் மழைக்குப் பயந்து விறகடுப்பை மாடிக்குக் கொண்டுவந்து, தினமும் விடியற்காலையில் அங்கேதான் வெந்நீர் வைக்கிறார். ஹட்டன் மலை சொன்ன அதே வியர்வை. அடுப்பு கீழே இறங்கிவிட்டது. வடக்கு ஓரத்தில் ரிட்ஜுக்கு அடியிலுள்ள முக்கோணத்தில் அடைத்திருந்த தகரத்தில் ஒன்றை எடுத்துவிட்டு வலை அடிக்கப் போகிறோம்.

துருப் பிடித்த இரண்டு இடமும் தேய்த்து பிரைமர் ஆகிவிட்டது, இன்று பெயிண்ட். மீதி சேர்மானங்களுக்கும் டேப் ஒட்டியாகிவிட்டது. ஸ்க்ரூ, டேப், பட்டை, கூலி எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரம் ஆனது.

அம்மா அந்த இடத்தில் வைத்த வாளியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

ஷெட் மேஸ்திரி | 27 ஜனவரி 2025, இரவு 10.15

வாளி இருக்கட்டும் தம்பி, ஒரு ஐப்பசி போகட்டும்.

துருப்பிடித்தவன், போன வாரம் வேதாரண்யம் போயிருந்தேன். இரண்டு ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தேன். ஒன்றின் அடியில் ஒன்றும் இல்லை. இன்னொன்றைச் சுற்றி நாலணா அகலத்துக்குப் பொரிந்திருக்கிறது. கடலைப் பார்த்த பக்கம்.

துருப்பிடித்தவன் | 27 ஜனவரி 2025, இரவு 10.40

எத்தனை வருடம் ஆகிறது போட்டு?

ஷெட் மேஸ்திரி | 27 ஜனவரி 2025, இரவு 10.42

ஆறு. சொல்ல மாட்டேன் என்றுதான் நினைத்தேன்.